உலகக் கடல்களின் உயிர்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கிருந்து தொடங்குவது?

தீவகத்து ஆசிரியை (வேலணை)

வணக்கம். எங்கள் பாடசாலையில் அடுத்த தவணை கடல்வாழ் விலங்குகள், கடற்பறவைகள் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறோம். பிரதான மண்டபமும் விளையாட்டுத் திடலும் கிடைத்திருக்கின்றன. ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரையுள்ள பிள்ளைகளே படம் வரைந்து, விளக்கம் எழுதி, வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்.

நான் எழுதிவைத்திருக்கும் முதற்பட்டியல்: நீலத் திமிங்கிலம், ஓர்க்கா, பேரரசப் பென்குவின், அல்பட்ரோஸ், வெள்ளைச் சுறா, கடற்சிங்கம், பவளப்பாறை, கடலாமைகள், பூநாரை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கடல்வாழ் இனங்கள் ஏறக்குறைய 240,000. பெயர் பெறாதவை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. 2000 முதல் 2010 வரை எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கடல் உயிர்களைக் கணக்கெடுத்த பின்பும் நிலைமை இதுதான். இவ்வளவு பெரிய உலகத்தை ஒரு மண்டபத்துக்குள் எந்த ஒழுங்கில் வைப்பது? சமுத்திரம் சமுத்திரமாகப் பிரிப்பதா, விலங்கின வகுப்புகளாகப் பிரிப்பதா? கடலோடு பழகியவர்களும் படித்தவர்களும் சொல்லுங்கள்.

பாசையூர்ப் படகு

ரீச்சர், நல்ல காரியம் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் முக்கால்வாசி, வேலணைப் பிள்ளை தன் வாழ்நாளில் கண்ணால் காணமுடியாத விலங்குகள். சாட்டிக் கடற்கரையில் இறங்கினால் காலில் முதலில் சிக்குவது என்ன? சாதாழை. அங்கிருந்து தொடங்குங்கள்.

தீவுப்பகுதித் தோட்டங்களுக்கு உரமாகச் சாதாழையை அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது கரையில் ஒதுங்கி நாறும் குப்பை. அது பாசி இனமே இல்லை. வேரும் இலையும் உள்ள, தண்ணீருக்கடியில் பூத்துக் காய்க்கிற புல். உலகம் முழுவதற்கும் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள்தான் இருக்கின்றன. பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழம். வெயில் அடிவரைக்கும் இறங்குகிறது, ஆகவே சாதாழை வயல் வயலாக வளர்கிறது. ஓரா மீன் அதில் மேய்கிறது. இறால் குஞ்சும் நீலக்கால் நண்டும் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. கணவாய் முட்டைகளை அதன் தண்டில் ஒட்டிவிட்டுப் போகிறது. கடற்குதிரை நீரோட்டம் இழுத்துவிடாதபடி வாலால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பேராமைக்கும் கடற்பசுவுக்கும் அதுவே சாப்பாடு. ஒரு கடற்பசுவுக்கு நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் வேண்டும் என்றால், அந்த வயல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் வலையில் தூக்குகிற ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் அந்தப் புல்லோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. மண்டபத்தின் வாசலில் சாதாழையை வையுங்கள், திமிங்கிலம் பிறகு வரட்டும்.

மன்னார் ஆலா

பறவைப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பட்டியலில் பூநாரை இருக்கிறது. பூநாரை கடற்பறவை இல்லை. அது உப்பு நீரேரிகளிலும் சேற்று ஆழமின்மையிலும் வாழும் நீர்ப்பறவை. தன் உணவைக் கடலிலிருந்து எடுத்து, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலோடு கழிப்பதையே கடற்பறவை என்பார்கள். உலகில் உள்ள ஏறக்குறைய 11,000 பறவை இனங்களில் அப்படிப்பட்டவை 350 சொச்சம்தான். அல்பட்ரோஸ், பெட்ரல், பென்குவின், கப்பற்கூழைக்கடா, கடல் நீர்க்காகங்கள், கடற்காகங்கள், ஆலாக்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் அடங்கும்.

பூமியின் பத்தில் ஏழு பங்கை மூடியிருக்கும் நீரில் வாழப் பறவைகளில் இவ்வளவு சிலவே ஏன் துணிந்தன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். முதலாவது தடை உப்பு. கடல்நீரைக் குடித்தால் நாம் செத்துப்போவோம். கடற்பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது. இரத்தத்திலுள்ள மேலதிக உப்பை அது பிரித்தெடுத்து மூக்குத் துவாரத்தின் வழியே சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. இரண்டாவது தடை நிலம். எவ்வளவு தூரம் பறந்தாலும் முட்டையிட நிலம் வேண்டும். பேரரசப் பென்குவின் மட்டும் உறைந்த கடலின் மேல் நின்றுகொண்டு காலின் மேல் முட்டையை வைத்து அடைகாக்கிறது. மற்றவை எல்லாம் எங்கேனும் ஒரு தீவையோ மணல்திட்டையோ பாறையையோ தேடி வந்தே தீரவேண்டும். நாயும் எலியும் மனிதனும் கால் வைத்தால் அந்த இடம் பாழாகிவிடுகிறது.

இதைச் சொல்ல உலகத்தின் மறுகோடிக்குப் போகவேண்டியதில்லை. தலைமன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. 2015ஆம் ஆண்டு அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மணல் நிறத்திலேயே முட்டை இருக்கும். தெரியாமல் நடந்தால் மிதித்துவிடுவோம். தாய்ப்பறவை எழுந்து பறந்துவிட்டால் நண்பகல் வெயில் முட்டையைச் சில நிமிடங்களில் அவித்துவிடும். ஆகவே பூநாரையை எடுத்துவிட்டு ஆலாவை வையுங்கள் என்பது என் கருத்து.

பண்ணைப் பாலம்

ஏற்கமாட்டேன். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் மாரிக்குப் பிறகு மண்டைதீவுப் பக்கம் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கிறது. அதை நீக்கிவிட்டு அந்தப் பிள்ளைக்குப் பறவையைப் பற்றிச் சொல்லப் போகிறோமா? வகைப்பாட்டு எல்லைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் கண்ணை இழந்துவிடுவோம்.

பூநாரை தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள மென்தகடுகளால் சிற்றுயிர்களை வடித்துத் தின்கிறது. நீலத் திமிங்கிலம் வாயிலுள்ள தகடுகளால் கூனிறால் போன்ற கிறிலை வடிப்பதும் அதே வேலைதான். நூறு தொன்னைத் தாண்டும் விலங்கும் மூன்று கிலோப் பறவையும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் மறக்காது. இளம் பூநாரை சாம்பல் நிறம், தின்கிற பாசியும் இறாலினமும்தான் பிறகு அதைச் சிவப்பாக்குகின்றன என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

மன்னார் ஆலா

பூநாரையையும் திமிங்கிலத்தையும் சேர்த்து வைக்கும் யோசனை அருமையானது, அப்படியே செய்யுங்கள். ஆனாலும் பலகையில் "கடற்பறவை" என்று எழுதக்கூடாது. "கரையோர நீர்ப்பறவைகள்" என்று தனியாக ஒரு பகுதி போடுங்கள். அப்போது பூநாரையோடு உள்ளான்களும் மூக்கன்களும் வரும். அவற்றை விட்டால் வடக்கின் பறவைக் கதையில் பாதி போய்விடும்.

பட்டைவால் மூக்கன் என்ற பறவை நம் சேற்றுக் கரைகளுக்கும் வருகிறது. அதே இனத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 2022 ஒக்டோபரில் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. முதுகில் பொருத்திய கருவி அதைப் பதிவுசெய்தது. அந்தப் பறவைக்குக் கடலில் இறங்கி மிதந்து இளைப்பாறத் தெரியாது. இறங்கினால் இறப்புத்தான். வழிகாட்டத் தாய் தந்தையும் கூட வரவில்லை. பசிபிக் சமுத்திரம் எவ்வளவு அகலம் என்று உலகப் படத்தில் நூல் பிடித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நண்டுண்ணியையும் மறக்காதீர்கள். கறுப்பும் வெள்ளையுமான, நண்டை உடைத்துத் தின்னக் கட்டையான அலகு கொண்ட கரைப்பறவை. மன்னாரில் பார்க்கலாம். மணலில் வளை தோண்டி உள்ளே முட்டையிடும். கரைப்பறவைகளில் இப்படிச் செய்வது வேறொன்றும் இல்லை.

வடதுருவத்துத் தமிழன் (நோர்வே)

ஊர் சுழிபுரம். பல காலமாக நோர்வேயின் வடபகுதியில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாசையூர்த் தம்பி சொல்வது சரி. இருந்தாலும் தூரத்துக் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் தூரம் என்பது பறவைக்குக் கிடையாது. இங்கே கோடையில் வரும் ஆர்க்டிக் ஆலாவின் எடை நூறு கிராம் அளவுதான். கிறீன்லாந்தில் சிறு கருவி பொருத்தி ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஆண்டொன்றுக்கு சராசரியாக 70,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து அந்தாட்டிக்காவுக்குப் போய்த் திரும்புகிறது. இங்கே இரவில்லாத கோடை, அங்கேயும் இரவில்லாத கோடை. பூமியில் வேறெந்த உயிரையும்விட அதிக பகல் வெளிச்சத்தைக் காணும் உயிர் அதுவாக இருக்கவேண்டும். முப்பது வயது வரை வாழக்கூடியது.

நோர்வேயின் ரோஸ்ட் தீவுகளில் பஃபின் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கும். சின்ன உடல், செம்மஞ்சள் அலகு, பார்த்தால் ஆசையாக இருக்கும். அந்தக் கூட்டம் 1970களின் இறுதியிலிருந்து பெரும்பகுதி அழிந்துவிட்டது. யாரும் சுட்டுக் கொல்லவில்லை. குஞ்சுக்கு ஊட்டவேண்டிய இளம் ஹெரிங் மீன்கள் நீரோட்டத்தில் தீவைக் கடக்கும் நேரம் தவறினால், அல்லது அந்த ஆண்டு ஹெரிங் குஞ்சே இல்லையென்றால், கூட்டுக்குள் குஞ்சு பட்டினியால் இறந்துபோகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து அப்படியே நடந்தது. தாய்ப்பறவைகள் நீண்ட ஆயுள் கொண்டவையாதலால் கூட்டம் குறைவது வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின. உலகளவில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட கடற்பறவைக் கூட்டங்கள் 1950க்கும் 2010க்கும் இடையில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருக்கின்றன என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று, பறவை ஏன் பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்ற கேள்வி. குருட்டுத்தனம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்ரலும் அல்பட்ரோஸும் மோப்பத்தால் இரை தேடுபவை. நுண்பாசிகளைக் கிறில் மேயும்போது டைமெத்தில் சல்பைடு என்ற வாயு எழுகிறது. அந்த மணம் வந்தால் அங்கே உணவு இருக்கிறது என்பது இந்தப் பறவைகளுக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பாசி படிந்ததும் அதுவும் அதே மணத்தை வீசுகிறது. பறவை தன் மூக்கை நம்பித்தான் சாகிறது. எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து ஒரு சொப்பிங் பையைக்கூட அலட்சியமாக எறிய மனம் வருவதில்லை.

தீவகத்து ஆசிரியை (வேலணை)

ஐயா, நீங்கள் எழுதியதை ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு இன்று வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவி கேட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன்: "இந்தப் பறவைகளைக் காப்பாற்றி வெற்றி கண்ட இடம் ஏதாவது இருக்கிறதா?" சோகமாக மட்டும் முடிக்க எனக்கும் விருப்பமில்லை.

வடதுருவத்துத் தமிழன் (நோர்வே)

இருக்கிறது, பிள்ளைக்குச் சொல்லுங்கள். கடலில் பல கிலோமீற்றர் நீளத்துக்குத் தூண்டில் கயிறு விடும் கப்பல்களால்தான் அல்பட்ரோஸ் அதிகம் செத்தது. இரையைக் கவ்வப் பாயும் பறவை தூண்டிலில் மாட்டி மூழ்கிவிடும். தெற்கு அத்திலாந்திக்கிலுள்ள தெற்கு ஜோர்ஜியா தீவைச் சுற்றி, தூண்டிலை இரவில் மட்டும் இறக்கவேண்டும், கயிறு விரைவாக மூழ்கும்படி பாரம் கட்டவேண்டும், கூடு வைக்கும் காலத்தில் தொழில் செய்யக்கூடாது என்று விதித்தார்கள். அங்கே தூண்டிலில் சாகும் பறவைகள் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. கடற்றொழிலும் நிற்கவில்லை. 1956இல் பசிபிக்கிலுள்ள மிட்வே தீவில் கால்வளையம் பூட்டிய ஒரு லேசான் அல்பட்ரோஸ், விஸ்டம் என்று பெயர், எழுபது வயதைக் கடந்த பிறகும் முட்டையிட்டிருக்கிறது. உலகில் நமக்குத் தெரிந்த மிக வயதான காட்டுப்பறவை அதுதான்.

விலங்கியல் மாணவி (திருநெல்வேலி)

ரீச்சர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எல்லோரும் பறவையையும் பெரிய விலங்கையும் பேசுகிறீர்கள். பல்வகைமை என்று தலைப்பு வைத்துவிட்டு முதுகெலும்புள்ளவற்றையே அடுக்கினால், கடலின் உண்மையான செல்வத்தை மூடி வைத்துவிடுவோம்.

விலங்குலகத்தில் ஏறக்குறைய 35 கணங்கள் உண்டு. கணம் என்றால் உடலமைப்பின் அடிப்படைத் திட்டம். அவற்றில் பெரும்பாலானவை கடலில் வாழ்கின்றன. இன்று தரையில் மட்டுமே வாழும் கணம் ஒன்றே ஒன்று, வெல்வெட் புழுக்கள். மறுபக்கம், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடலட்டை அடங்கிய முட்தோலிகள் கடலை விட்டு ஒருபோதும் வெளியே வரவில்லை. நன்னீரில்கூட இல்லை. தரையில் பூச்சி இனங்கள் இலட்சக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அவை எல்லாம் ஒரே திட்டத்தின் மாற்றங்கள். வேறு வேறு திட்டங்களைப் பார்க்கவேண்டுமென்றால் கடலுக்குத்தான் போகவேண்டும்.

அதுவும் தூரப் போகவேண்டாம். விடியற்காலையில் குருநகர்ச் சந்தைக்கும் வலை உதறும் இடத்துக்கும் போங்கள். மீனும் திருக்கையும் ஒரு கணம். நண்டும் இறாலும் இன்னொன்று. கணவாயும் சங்கும் மட்டியும் மூன்றாவது. வலையில் ஒட்டி வந்து எறியப்படும் நட்சத்திர மீன் நான்காவது. சொறி என்று கரையில் சொல்லும் இழுதுமீனும் பவளமும் ஐந்தாவது. கடற்பஞ்சு ஆறாவது. ஒரு காட்டை முழுவதும் சுற்றினாலும் இவ்வளவு அடிப்படை வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கமுடியாது.

கணவாயை மட்டும் வைத்து ஒரு மேசை நிரப்பலாம். மூன்று இதயம், செம்பு கலந்த நீல இரத்தம். பின்னணிக்கு ஏற்ப நொடியில் நிறம் மாறும். ஆனால் அதன் கண்ணில் நிறத்தைப் பிரித்தறியும் அமைப்பு நமக்கு இருப்பது போல இல்லை. நிறம் தெரியாத விலங்கு எப்படி நிறத்தைச் சரியாகப் போடுகிறது என்பது இன்னும் ஆராயப்படும் கேள்வி. கடலட்டை ஆசனவாயின் வழியே நீரை இழுத்து உள்ளேயுள்ள மரம் போன்ற உறுப்பால் சுவாசிக்கிறது. எதிரி நெருங்கினால் சில இனங்கள் குடலையே வெளியே எறிந்துவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்கின்றன.

தீவகத்து ஆசிரியை (வேலணை)

சந்தை யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. சமுத்திரம் சமுத்திரமாகப் பிரிக்கும் எண்ணத்தை விட்டுவிடுகிறேன். ஆழ்கடலுக்கு எதை வைப்பது, தங்கச்சி? வெளிச்சமே போகாத இடத்தில் உணவு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

விலங்கியல் மாணவி (திருநெல்வேலி)

பெரும்பாலும் மேலிருந்து விழுகிறது. இறந்த உயிர்களின் துகளும் கழிவும் கடற்பனியாக இடைவிடாமல் இறங்குகின்றன. ஆனால் 1977இல் கலபகோஸ் தீவுகளுக்கு அருகே ஏறக்குறைய 2,500 மீற்றர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஓர் உயிர்க்கூட்டத்தைக் கண்டார்கள். அங்கே சூரியனுக்கு வேலையில்லை. ஊற்றிலிருந்து வரும் ஐதரசன் சல்பைடைக் கொண்டு பற்றீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன. அங்குள்ள குழாய்ப்புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் அந்தப் பற்றீரியாக்களை வைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு வளர்கின்றன. எல்லா உணவும் வெயிலிலிருந்து தொடங்குகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு இந்த ஒரு பலகை போதும்.

வடமராட்சி கிழக்கு

ஆமைகளைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. உலகில் கடலாமை இனங்கள் ஏழு. அவற்றில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன: பேராமை, சிற்றாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. மற்ற இரண்டில் ஒன்று அவுஸ்திரேலியப் பக்கத்தை விட்டு நகராதது. இன்னொன்று பெரும்பாலும் மெக்சிக்கோ வளைகுடாவுக்குரியது. ஏழுவரி ஆமைக்குக் கெட்டியான ஓடு இல்லை, தடித்த தோல்தான். இழுதுமீனைத் தேடி ஆயிரம் மீற்றருக்கும் கீழே மூழ்கக்கூடியது. மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். பூமி சூடாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைக்கு எங்கே போவது?

எங்கள் பக்கத்தில் ஆமை இறைச்சி தின்றவர்கள் இருந்தார்கள், இது எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி அது குற்றம். அதைச் சொல்லப் பிள்ளைகளுக்கு முன்னால் தயங்கவேண்டாம். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது பிளாஸ்டிக் மணிகள் கரை முழுவதும் ஒதுங்கியதையும், அந்த வாரங்களில் இறந்த ஆமைகள் கரை சேர்ந்ததையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

பாசையூர்ப் படகு

இப்போது நான் முதலில் சொன்ன சாதாழைக்குத் திரும்பி வருகிறேன். அது ஏன் குறைகிறது என்று ஒரு பலகை வேண்டும். அடியைச் சுரண்டுகிற இழுவை மடியைப் பற்றி எழுதாமல் பாக்கு விரிகுடாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. பாரமான பலகையும் சங்கிலியும் அடியில் இழுபடுகிறது. புல் வேரோடு வருகிறது. மீன்குஞ்சும் கடற்குதிரையும் நட்சத்திர மீனும் அள்ளுப்படுகின்றன. விற்கமுடியாததைத் திரும்பக் கடலில் கொட்டுகிறார்கள், அது பிணமாகத்தான் போகிறது.

கனடாக் கரை

தம்பி, வேதனை புரிகிறது. ஆனால் பாடசாலைக் கண்காட்சியில் அரசியலைக் கொண்டுவந்தால் ரீச்சருக்குத்தான் தலையிடி. அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து மடி இழுக்க வருகிறவர்களும் தமிழர்கள். படகில் வருகிறவன் கூலிக்காரன். பிள்ளைகள் மனதில் வெறுப்பை விதைக்கக்கூடாது.

பாசையூர்ப் படகு

வெறுப்பை யார் கேட்டார்கள் அண்ணா? நான் மடியைப் பற்றிப் பேசுகிறேன், ஆளைப் பற்றிப் பேசவில்லை. இலங்கையில் இழுவை மடித்தொழில் 2017இலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எங்கள் பக்கத்திலும் அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதையும் எழுதட்டும். கடலட்டைப் பண்ணைகளையும் எழுதட்டும். பண்ணையால் குடும்பம் பிழைக்கிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள், வேலி போட்டுச் சிறகுவலை கட்டி மீன்பிடிக்கிறவனின் தொழிலிடத்தை மறித்துவிட்டார்கள் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதட்டும். கடலில் உயிர் குறைகிறது என்று அழகான படம் போட்டுவிட்டு, எதனால் என்று கேட்கும்போது வாயை மூடுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

விலங்கியல் மாணவி (திருநெல்வேலி)

பாசையூர் அண்ணா சொல்வதற்கு ஒரு துணைச்செய்தி. அக்கரையில் தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளுக்கு அப்பால் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதே விரிகுடா, அதே புல். கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. யானையின் உறவான அந்த விலங்கு எழுபது வயது வரை வாழும். ஆனால் மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு கன்றுதான் ஈனும். வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாமல் மூழ்கி இறக்கும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கை இழப்பது மிக எளிது. அதன் பெரிய உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை 1741இல் முதன்முதலாக விவரித்தார்கள். 1768க்குள் கொன்று தின்று முடித்துவிட்டார்கள். இருபத்தேழு ஆண்டுகள். சீனக் கடலில் கடற்பசு நடைமுறையில் அற்றுப்போய்விட்டதென்று 2022இல் ஆய்வு வெளிவந்தது. இக்கரைப் பிள்ளைகளும் அக்கரைப் பிள்ளைகளும் ஒரே பலகையைத் தங்கள் தங்கள் பாடசாலையில் வைத்தால், கனடா அண்ணா அஞ்சுகிற வெறுப்புக்கு அங்கே இடமிருக்காது.

கனடாக் கரை

அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பலகைக்கான அச்சுச் செலவை நான் ஏற்கிறேன். அக்கரையில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடமும் பேசுகிறேன்.

காரைநகர்ப் பெரியவர்

வேளா மீனை ஒருவரும் சொல்லவில்லையே, பிள்ளைகளே. நான் சிறுவனாக இருந்தபோது வேளாக் கொம்பைச் சுவரில் மாட்டி வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆள் உயரக் கொம்பு, இரண்டு பக்கமும் பல். இப்போதுள்ள இளம் தொழிலாளர்களிடம் கேட்டால் பெயரே தெரியவில்லை என்கிறார்கள்.

விலங்கியல் மாணவி (திருநெல்வேலி)

தாத்தா, அதைச் சுறா என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது திருக்கையின் இனம், செவுள் அடிப்பக்கத்தில் இருக்கும். உலகில் ஐந்து இனங்கள், எல்லாமே அழியும் ஆபத்தில். சேற்று ஆழமின்மையை விரும்புவதும், அந்தக் கொம்பு எந்த வலையிலும் சிக்கிக்கொள்வதும் அதற்கு எமனாகிவிட்டன. அந்த வீடுகளில் எங்கேனும் இன்னும் கொம்பு இருந்தால் படமெடுத்து, பல்லை எண்ணி, எந்தக் கடலில் எந்தக் காலத்தில் பிடிபட்டது என்று உரியவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். பல்லின் எண்ணிக்கையைக் கொண்டு இனத்தை ஓரளவு சொல்லலாம். பேரப்பிள்ளைகளை அனுப்புங்கள், நான் வருகிறேன்.

காரைநகர்ப் பெரியவர்

ஒரு வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தீவகத்து ஆசிரியை (வேலணை)

எல்லோருக்கும் நன்றி. ஒழுங்கை இப்படி முடிவு செய்திருக்கிறேன். வாசலில் சாதாழை, அதில் வாழ்பவை. அடுத்து சந்தை மேசைகள், கணம் கணமாக. மண்டபத்தின் ஒரு சுவர் முழுவதும் கரையோர நீர்ப்பறவைகள், எதிர்ச் சுவர் கடற்பறவைகள், நடுவே பூநாரையும் திமிங்கிலமும் வடிகட்டும் விதம். ஆழ்கடலுக்கு இருட்டறை. ஆமை, கடற்பசு, வேளா மூன்றும் ஓரிடத்தில், அதன் அருகில் இழுவை மடி. நீலத் திமிங்கிலத்தைத் திடலில் 30 மீற்றர் கயிற்றால் வரையப் போகிறோம். திருகோணமலைக் கடலுக்கு அது வருகிறது என்பதே எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் புதிய செய்தி. இந்து சமுத்திரத்தின் வடபகுதி நீலத் திமிங்கிலங்கள் மற்றவை போலத் துருவத்துக்குப் போய் உண்ணாமல் வெப்பக்கடலிலேயே தங்கிவிடுகின்றன என்று ஆஷா டி வொஸ் போன்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் சொல்வதையும் சேர்க்கிறோம்.

இரண்டு கேள்விகள் மட்டும். சந்தை மேசைக்கு உயிரினங்களை எப்படிக் கொண்டுவருவது? பூநாரையைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட எப்போது போவது?

மன்னார் ஆலா

தை, மாசியில் காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கூட்டத்தை நோக்கி நடக்கவேண்டாம், கல்லெறிந்து பறக்கவைக்க யாரையும் விடவேண்டாம். ஒவ்வொரு முறை பறந்தெழும்போதும் அது தின்று சேர்த்த சக்தியை இழக்கிறது. என்னிடம் தொலைநோக்கி இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

பாசையூர்ப் படகு

வலையில் செத்து வந்ததை மட்டும் கொண்டுவருவேன், ரீச்சர். கண்காட்சிக்கென்று ஒன்றையும் பிடிக்கமாட்டோம். கடற்குதிரை வலையில் உயிரோடு வந்தால் திரும்ப விட்டுவிடுவோம், அதற்குப் படம் போதும். மீன், நண்டு, கணவாய், மட்டி எல்லாம் அன்று காலையே ஐஸில் வந்துசேரும். திருக்கையின் வால் முள்ளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் தருவேன், பிள்ளைகள் பயமில்லாமல் தொட்டுப் பார்க்கட்டும். நஞ்சு முள்ளுள்ள சுங்கான் மீன் இருந்தால் அதை மட்டும் தனித் தட்டில் வையுங்கள், யாரும் கை வைக்கக்கூடாது.